குளிசை போட்ட பிறகு காகம் வரவில்லை

நீரிழிவு எனும் சீனி வருத்தம் வந்த பிறகும் நான் புரட்டாதிச் சனி விரதத்தை விடவில்லை. காகத்துக்குச் சோறு வைத்து, அது தின்ற பிறகுதான் சாப்பிடுவேன்.

சென்ற வருடம் ஒரு சனியன்று வழக்கம்போல் காலையில் வெறும் வயிற்றில் சீனிக்கான குளிசையை விழுங்கிவிட்டு, மதியம் மதிலில் சோறு வைத்தேன். காகம் வரவில்லை. உள்ளே போவேன், திரும்ப வந்து கூப்பிடுவேன். கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்த்தது. அப்போதும் காகத்தைத்தான் தேடினேன்.

கணவர் சீனி கரைத்த தண்ணீரோடு ஓடிவந்தார். "காகம் ஆறுதலாத் தின்னட்டும். நீர் முதல் இதைக் குடியும்."

"குளிசை போட்டால் சாப்பாடு பிந்தக்கூடாது" என்று கிளினிக் டாக்குத்தரும் ஏசினார்.

இப்போது காலையிலேயே பிட்டும் கீரையும் சாப்பிட்டுவிடுகிறேன். விரதத்தை அவர் எடுத்துக்கொண்டார். மதியம் மதிலடியில் நின்று அவர் கூப்பிட, நான் நிறைந்த வயிற்றோடு யன்னலில் நிற்பேன். காகம் இறங்கும்வரை இன்னமும் இருப்புக்கொள்வதில்லை.