செம்பாக்கம் லெவன்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3.40. ரோட்டர்டாமில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், காபி இயந்திரத்தின் மேல் வைத்திருந்த என் கைபேசி ஒளிர்ந்தது. ‘உங்கள் பிள்ளை நெல்சன் இன்னும் ஒரு மணி நேரம் விளையாட அனுமதி கேட்கிறார்.’ கீழே இரண்டு பொத்தான்கள்: அனுமதி, மறு. எனக்குப் பின்னால் கோப்பையோடு நின்ற மரைகே அதைப் படித்துவிட்டாள். மூன்று ஆண்டுகளாகப் பக்கத்து மேசையில் இருப்பவள். “உனக்கு மகன் இருக்கிறானா? எங்கே?” என்றாள். இந்தியாவில் என்றேன். வயது கேட்டாள். திரையில் நெல்சன் பெயருக்குக் கீழே பன்னிரண்டு என்று இருந்தது. அவளே பார்த்துக்கொண்டு “யம்மர்” என்றாள். ‘அடடா, பாவமே’ என்பதற்கு இந்த ஊர்ச் சொல். அப்போதே திருத்தியிருக்கலாம். என் காபி வந்துவிட்டது. அனுமதியை அழுத்திவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

நெல்சனுக்கு முப்பத்தெட்டு வயது. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் குடியிருக்கிறான், பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார், முன்மண்டை வழுக்கை. சிறுவயதில் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருந்தான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் கிளம்பிய வாரத்தில், இருவரும் தொடர்ந்து இணையத்தில் சேர்ந்து வீடியோ கேம் விளையாட ஒரு குடும்பச் சந்தா எடுத்தோம். அந்தச் சந்தாவில் குடும்பத் தலைவரும் அவர் பிள்ளைகளும் மட்டுமே சேரலாம். “புள்ளைன்னே போட்றா, யாரு வந்து பாக்கப்போறாங்க?” என்றான் நெல்சன். ஏழு வயது என்று போட்டோம். பிள்ளை என்றால் தினம் ஒரு மணி நேரம்தான் ஆட்டம், அதற்கு மேல் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. கட்டுப்பாட்டை எடுத்துவிடப் போனேன். அவன் மனைவி பிரிசில்லா போன் செய்து தடுத்தாள். “அண்ணா, அதுல மட்டும் கை வெச்சிடாதீங்க. அது நின்னாத்தான் இந்த மனுஷன் சாப்பிடவே எழுந்து வர்றாரு.”

கன்சோல்கள் பற்றி எனக்கு ஓர் எளிய அபிப்பிராயம் உண்டு. இப்போதைய சந்தாவில் மாதந்தோறும் புது விளையாட்டுகள் வந்து குவிகின்றன. பட்டியலை மேலும் கீழும் உருட்டுவதிலேயே பாதிப் பொழுது போகிறது. நாங்கள் வளர்ந்தபோது நெல்சன் வீட்டில் இருந்தது ஒரே ஒரு மஞ்சள் கேசட். நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும், போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டுதான் வேறு வேறு பெயரில் திரும்ப வரும். ஓடாவிட்டால் கழற்றி, அடியில் ஊதி, மறுபடி செருகுவோம். அந்தக் கேசட்டை இரவல் கொடுக்கலாம், வாங்கலாம், திருப்பித் தராதவனோடு பேச்சை நிறுத்தலாம். சந்தாவில் அப்படி எதையும் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பும்வரை நாங்கள் நாலைந்து பேர் அவன் வீட்டு கேட்டருகே நிற்போம். இரண்டு ரிமோட்டுகள். ஒன்றில் எல்லாப் பொத்தான்களும் வேலை செய்யும். மற்றொன்றில் தாவுவதற்கான பொத்தானை நகம் வெளுக்க அழுத்த வேண்டும். நெல்சனின் அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பார்: “வந்த புள்ளைக்கு நல்லதைக் குடுடா.” நான் மூன்றாவது வீட்டுக்காரன், தினமும் வருகிறவன். ஆனாலும் அந்த வீட்டில் நல்ல ரிமோட் எனக்குத்தான். நெல்சன் கெட்டதை வைத்துக்கொண்டு தோற்பான். தோற்றவன் எழுந்து இடம் விட வேண்டும் என்ற விதியையும் மதித்து, தன் வீட்டிலேயே ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வான்.

இப்போது நாங்கள் ஆடுவது கிரிக்கெட். ஒரே அணி, ஆளுக்கொரு முனையில் மட்டை. அணியின் பெயர் செம்பாக்கம் லெவன். பதினொரு பேருக்கும் எங்கள் தெருப் பையன்களின் பெயர்களை வைத்திருக்கிறோம். விக்கெட் கீப்பர் பாபு நிஜத்தில் துபாயில் இருக்கிறான். வேகப்பந்து வீசும் சுரேஷ் செங்கல்பட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஐந்து ஆண்டுகளில் அவர்களை மாவட்டப் போட்டியிலிருந்து உலகக் கோப்பை அரையிறுதிவரை கொண்டுவந்துவிட்டோம். அதில் பாபு இன்னும் ஒல்லியாகவே இருக்கிறான்.

அந்த வாரம்தான் சிக்கல் வந்தது. சந்தா என் சென்னை வங்கி அட்டையில் ஓடுகிறது. அட்டை மாதக் கடைசியோடு முடிகிறது. புது அட்டை பதிவான முகவரிக்குப் போகும், அந்த முகவரி செம்பாக்கம் வீடு. வீட்டைப் போன ஆண்டு விற்றோம். வங்கியில் முகவரியை மாற்ற நான் மறந்திருந்தேன். இங்குள்ள அட்டையைக் கொடுத்தால் சந்தாக் கணக்கில் நாட்டையும் மாற்ற வேண்டும். நாடு மாறினால் வேறு நாட்டிலுள்ள ‘பிள்ளைகள்’ நீக்கப்படுவார்கள், குடும்பத்தின் பெயரில் சேமித்த ஆட்டங்கள் அழியும் என்று அறிவிப்பு சொன்னது. மரைகேயிடம் சொன்னேன். “நாட்டை மாற்ற ஐந்து நிமிடம்தானே?” என்றாள்.

சனிக்கிழமை நெல்சன் செம்பாக்கம் போய், எங்கள் வீட்டை வாங்கியவர் தந்த காபியைக் குடித்துவிட்டு, கூரியர்காரருக்காக வாசலில் காத்திருந்தான். மாலையில் ஹெட்செட்டில் அதைச் சொன்னான்.

“‘வூட்டு ஆளுங்கதான் வாங்கணும் சார், நீங்க அவருக்கு இன்னா வேணும்?’னான். புள்ளைன்னேன்.”

“ஏய்!”

“ஃபோனை எடுத்துக் காட்டினேன் மச்சான். பன்னண்டு வயசுன்னு போட்ருக்குல்ல. என் தலைய ஒருதரம் பாத்தான். ‘வெயில்ல பேஜார் பண்ணாத சார்’னு கவரக் குடுக்காமலே வண்டிய எடுத்துகினு போய்ட்டான்.”

சிரித்தோம். அப்போது அவன் வீட்டுக்கு மேலே விமானம் இறங்கியது. பொழிச்சலூரில் பேச்சின் நடுவே விமானம் வந்தால் அது போகும்வரை வாயை மூடிக்கொள்வது வழக்கம். நானும் இங்கே காத்திருந்தேன்.

சத்தம் அடங்கியதும் நெல்சன் சொன்னான்: “நாட்டையே மாத்திடு மச்சான்.”

“டீம் போய்டும்டா.”

“இன்னொண்ணு கட்டலாம். நீ அங்கதான இருக்க? அப்புறம் எதுக்கு செம்பாக்கம் அட்ரஸ்?”

அன்று அரையிறுதியைத் தொடங்காமலே வைத்தோம்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் நாட்டை மாற்றினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘உங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை’ என்று திரை சொன்னது. மரைகே எட்டிப் பார்த்தாள். பிள்ளை அல்ல, பால்ய நண்பன், முப்பத்தெட்டு வயது என்று அப்போதுதான் சொன்னேன். “அப்படியென்றால் அவன் ஏன் உன்னிடம் அனுமதி கேட்டான்?” என்றாள். அதை ஆங்கிலத்தில் விளக்கிப் பார்த்தேன். அவள் தலையாட்டிய விதத்தில், புரியவில்லை என்று தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை நெல்சன் தன் சொந்தப் பெயரில், உண்மையான பிறந்த ஆண்டோடு கணக்குத் திறந்தான். அணியின் பெயர் செம்பாக்கம் லெவன். பதினொரு பெயர்களையும் அவனே மறுபடி தட்டச்சு செய்திருந்தான். மீண்டும் மாவட்டப் போட்டி, முதல் ஆட்டம். எனக்கு அழைப்பு வந்தது. சேர்ந்தேன். திரையில் என் பெயருக்குக் கீழே ‘விருந்தினர்’ என்று இருந்தது. முதல் பந்தை என்னை ஆடச் சொன்னான்.