அக்காவின் கோரைப்பல்

அக்கா இறந்து ஒரு வருடம் கழித்து அவள் கணவருக்கே என்னைக் கட்டி வைத்தார்கள். நாலு வயதுப் பெண் குழந்தைக்கு ஒரு தாய் வேண்டும் என்றார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திருவண்ணாமலைக்கு வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவரை மாமா என்றே கூப்பிட்டேன்.

அக்கா சிவப்பு, நான் கறுப்பு. முகஜாடையும் வேறு. ஆனால் மேல்வரிசையில் இடது கோரைப்பல் மட்டும் இருவருக்கும் ஒரே மாதிரி முன்னால் தள்ளி நிற்கும். சிரித்தால் முதலில் அதுதான் தெரியும்.

ஒரு மதியம் குழந்தை என் மடியில் ஏறி, உதட்டைத் தூக்கி, அந்தப் பல்லில் விரலை வைத்தது.

"அம்மா இங்க இருக்கு."

அந்த விரலை மெல்ல விலக்கினேன். அதன் பிறகுதான் கவனித்தேன். நான் பரிமாறிக்கொண்டே சிரிக்கும்போதெல்லாம் சோற்றில் வைத்த கையோடு மாமா அசையாமல் உட்கார்ந்துவிடுவார். பார்வை என் வாயிலேயே நிற்கும். நான் சிரிப்பதை விட்டேன். வாயை மூடியிருந்தாலும் அந்தப் பல் உள்ளிருந்து உதட்டைத் தள்ளியது. அக்கா வெளியே வரப் பார்க்கிறாள் என்று தோன்றும்.

யாரிடமும் சொல்லாமல் பல் டாக்டரிடம் போனேன்.

"நல்ல பல்லும்மா, ஏன் புடுங்கணும்? கோரைப்பல்லுக்குத்தான் வாயிலயே வேர் நீளம். கடிச்சிக் கிழிக்கறதுக்கு மட்டும் இல்ல, உதட்டோரத்தத் தாங்கறதும் அதான். எடுத்துட்டா மூஞ்சி அந்தப் பக்கம் உள்ள போயிடும்" என்றார்.

"போனாப் போவட்டுங்க."

லேசில் வரவில்லை. மரத்துப்போன தாடைக்குள் எலும்பு நெறிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

வீக்கம் வடியும்வரை பல்வலி என்று சொல்லி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். வடிந்த அன்று காலை, காபி கொடுக்கும்போது மாமாவைப் பார்த்துச் சிரித்தேன். டம்ளர் அவர் கையிலிருந்து விழுந்தது.

"உனக்கு யாரு சொன்னது?"

"எத மாமா?"

"நோவு முத்தின கடைசி மாசம் உங்க அக்காவுக்கு அந்தப் பல்லு தானா விழுந்துடுச்சி. என் கையிலதான் துப்பினா. உங்க வூட்ல யாருக்கும் சொல்லக்கூடாதுன்னா. சாவும்போது அவ மூஞ்சி இப்படித்தான் இருந்தது."

கடைசியாக நாங்கள் பார்க்கப் போனபோது அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். உதட்டோரத்தைத் தொட்டுப் பார்த்தேன். குழிந்திருந்தது. அது என் முகம் மாதிரியே இல்லை.

"அந்தப் பல்லு எங்க மாமா?"

"கிரிவலப் பாதையில, அடி அண்ணாமலை தாண்டி ஒரு மரத்தடியில பொதச்சிட்டேன்."

"பல்லு இருந்தாலும் அவதான், இல்லன்னாலும் அவதானா? எனக்குன்னு ஒரு மூஞ்சி வேணும் மாமா."

அவர் அழுதார். அக்கா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று தன் மளிகைக் கடையையும் திறக்கவில்லை.

புண் ஆறியதும் அவரே என்னை டாக்டரிடம் கூட்டிப்போய், "மத்த பல்லோட வரிசையா இருக்கற மாதிரி வைங்க" என்றார். கட்டுப்பல் மாட்டி வீட்டுக்கு வந்ததும், முன்பின் தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

"உக்காரு. சாப்பிடலாம்" என்றார்.