இரண்டாவது வளைவின் சரளை

நாரிஸ் காட்ஸ்பிக்கு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் எந்தக் காலத்திலும் ஆர்வம் இருந்ததில்லை. டாட்பரியில் ரொட்டி வண்டி ஓட்டியவர் அவர். ஊர் விழிப்பதற்கு முன் எழுந்து போகிற வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊரே ஸ்பீட்வே என்கிற அந்தப் பந்தயத்தைப் பார்க்க மைதானத்துக்குக் கிளம்பும்; அவர் படுக்கப் போவார்.

அறுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை பேக்கரி ஆட்கள் அவரை விடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். பிரேக் இல்லாத வண்டிகள். நாலு பேர், நாலு சுற்று. இடது பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்தால் போதும். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தபடி வேலியில் சாய்ந்து நின்றார். இரண்டாவது வளைவில் வண்டிகள் பக்கவாட்டில் சறுக்கித் திரும்பின. பின்சக்கரங்கள் வாரியிறைத்த சிவப்புச் சரளை வேலியைத் தாண்டி வந்தது. ஒரு பொடி அவர் கண்ணில் விழுந்தது.

"கையை எடு. கசக்கினா உள்ள போயிடும்."

பக்கத்தில் நின்ற பெண் கைக்குட்டை நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டு அவர் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"அசையாம நில்லு, வாத்து."

அந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் கண்டக்டர் கூப்பிடுவார், கசாப்புக் கடைக்காரர் கூப்பிடுவார். இருந்தாலும் அது தனக்கென்றே சொல்லப்பட்டதுபோல் நாரிஸுக்கு இருந்தது.

"முதல் தடவையா?"

"ஆமா."

"அதான் தெரியுதே. பழகினவங்க வண்டி வர்றப்ப சிப்ஸ் பொட்டலத்தை மூடிப்பாங்க, கண்ணையும் மூடிப்பாங்க. நீ ரெண்டையும் திறந்து வெச்சுகிட்டு நிக்கிறே."

அவள் பெயர் பெரில். காலுறை ஆலையில் வேலை. டாட்பரி ஹெரன்ஸ் அணியின் சின்னங்களை வருஷத்துக்கு ஒன்றாகக் கோட்டில் குத்தியிருந்தாள். நடந்தால் கோட்டிலிருந்து சத்தம் வரும். அடுத்த வசந்தத்தில் கல்யாணம் ஆயிற்று. தேனிலவுக்குக் கடற்கரை ஊர் ஒன்றை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அந்த வாரம் அங்கே ஹெரன்ஸுக்கு ஆட்டம் இருந்தது என்பது போய் இறங்கிய பிறகுதான் நாரிஸுக்குத் தெரிந்தது.

அன்று முதல் எல்லா வெள்ளிக்கிழமையும் இரண்டாவது வளைவுதான். பெரிலுக்கு அங்கே நிற்க ஒரு காரணம் இருந்தது. கீத் ஸ்ப்ரோட் என்று ஓர் ஓட்டுநர். பகலில் குழாய் ரிப்பேர் செய்பவன். பெரும்பாலும் கடைசியில் வருவான். அந்த வளைவில் விழாமல் வந்தால் அதுவே பெரிய காரியம். மற்ற மூன்று பேரும் முடிவுக் கோட்டைத் தாண்டி, கூட்டம் கத்தி ஓய்ந்த பிறகு அவன் தனியாகச் சுற்றிக்கொண்டு வருவான். பெரில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைதட்டுவாள்.

"இவனுக்குப் போயி எதுக்கு?" என்று ஒருமுறை நாரிஸ் கேட்டார்.

"ஜெயிக்கிறவனுக்குத்தான் ஊரே தட்டுதே. இவனுக்கு யாராவது ஒருத்தர் தட்டணுமில்ல?"

நாரிஸும் தட்டப் பழகிக்கொண்டார். பந்தயம் மட்டும் அவருக்குப் பிடிபடவேயில்லை. எரிந்த விளக்கெண்ணெய் வாசனை பிடித்திருந்தது. அந்த வண்டிகளின் என்ஜினுக்கு அந்த எண்ணெய்தான். அந்த வாசனையோடு அவள் தோள் தன் தோளில் இடிக்க நிற்பது பிடித்திருந்தது. வீடு திரும்பியதும் பின்வாசல் படியில் நின்று இருவரும் கோட்டுகளை உதறுவார்கள். படியில் சிவப்பாக விழும். குழந்தைகள் இல்லை. வெள்ளிக்கிழமைகள் இருந்தன.

பெரிலுக்கு நோய் வந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொன்னாள்:

"என்னைக் கல்லறையில வெச்சுடாதே. அங்க ஒரே அமைதி. எரிச்சுட்டு சாம்பலை ரெண்டாவது வளைவுல போட்டுடு."

"சரி."

"வெள்ளிக்கிழமை தவறாம வந்து நில்லு."

"எனக்கு இதுல ஒண்ணும் புரியாதே, பெரில்."

"புரிய வேணாம். நின்னா போதும்."

அந்த மைதானத்தில் அது புதிய வழக்கமும் இல்லை. பல பேருடைய சாம்பல் அப்படித்தான் போயிருந்தது. முதல் பந்தயத்துக்கு முன் நாரிஸ் சரளையில் குனிந்து தூவினார். தடத்தைச் சமன் செய்கிற ஆர்ச்சி பெல் தன் நீளக் குப்பைவாரியால் அதை மெதுவாக இழுத்துக் கலந்துவிட்டார். நாலு வண்டிகள் என்ஜினைத் தணித்து ஒரு சுற்று வந்தன. எப்போதோ ஓய்வுபெற்றுவிட்ட ஸ்ப்ரோட்டும் யாரோ சொல்லி வந்திருந்தான். நாரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க, எந்த அம்மான்னு ஞாபகம் வரலை. வண்டியில உக்காந்தா ஒரு சத்தமும் காதுல விழாது," என்றான்.

"பரவாயில்லை," என்றார் நாரிஸ்.

அதன்பிறகும் அவர் போய் நின்றார். கூட்டம் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. ரொட்டி வண்டியை விட்டார், முழங்காலை மாற்றிக்கொண்டார், வெள்ளிக்கிழமையை விடவில்லை. சிப்ஸ் பொட்டலத்தைச் சரியான நேரத்தில் மூடினார். கடைசியாக வருகிறவனுக்குத் தட்டினார்.

மைதானத்தின் சொந்தக்காரர் வீடு கட்டுகிற கம்பெனி ஒன்றுக்கு இடத்தை விற்றார். ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள், நகரமன்றத்தின் வாசலில் நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை கடைசிப் பந்தயம் முடிந்ததும் வேலிக்கதவைத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் தடத்தில் இறங்கினார்கள். எல்லோரிடமும் ஒரு டப்பா இருந்தது. வெண்ணெய் டப்பா, மிட்டாய் டின், ஜாம் பாட்டில், கூடவே ஒரு கரண்டி. ஞாபகத்துக்கென்று வீட்டுக்குச் சரளை எடுத்துப் போக வந்திருந்தார்கள். நேராக இரண்டாவது வளைவுக்குத்தான் போனார்கள். அதிகம் பேர் விழுந்த இடம். அதற்கு மதிப்பு ஜாஸ்தி.

நாரிஸ் வேலிக்கு வெளியே நின்றார். அங்கே தோண்டாதீர்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. வயதான ஆண்கள் மண்டியிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது? பெரில் அங்கே இருப்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஞாபகப்படுத்தினால் அவர்கள் சங்கடப்பட்டு டப்பாக்களைக் கவிழ்த்துவிட்டு நிற்பார்கள். அவர்களுடைய கடைசி ராத்திரி பாழாகும்.

சின்னங்கள் விற்கிற பாலீன் இரண்டு டப்பாக்களோடு வேலிக்கு வந்தாள்.

"நீ எடுக்கலையா, வாத்து? வா, ஒரு டப்பா தர்றேன்."

"வேணாம் பாலீன். நீங்க எடுங்க."

"வெக்கப்படாதே. நான் வேணா அள்ளித் தரட்டுமா?"

"பரவாயில்லை. நான் நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

எல்லோரும் போன பிறகு தனியாக வந்து எடுத்துக்கொள்வது என்றுதான் அவர் நினைத்தார். மறுநாள் வாசலில் பூட்டுத் தொங்கியது. சுற்றிலும் பலகை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். கம்பெனிக்குப் போன் செய்தார். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். இன்ஷூரன்ஸ் விதிப்படி யாரையும் உள்ளே விடுவதற்கில்லை என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்.

ஒரு வழி மிச்சமிருந்தது. ஆர்ச்சி பெல் வழக்கமாகக் குடிக்கிற பப்புக்குப் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"பின்பக்கச் சாவி இன்னும் உங்கிட்ட இருக்கா, ஆர்ச்சி?"

"சாவி இருக்கு. கதவுதான் இல்லை. அதையும் பிடுங்கிப் பலகை அடிச்சுட்டானுங்க. எதுக்கு?"

"ரெண்டாவது வளைவுல கொஞ்சம் மண்ணு வேணும்."

"அன்னிக்கு ஊரே அள்ளிச்சே. நீ என்ன, வேடிக்கை பாத்துகிட்டு நின்னியா?"

"ஆமா."

ஆர்ச்சி அவரைப் பார்த்தார். பிறகு நினைவு வந்திருக்க வேண்டும். கிளாஸைக் கீழே வைத்தார்.

"அட, பெரில்."

"அவளை அந்த பில்டருங்க லாரியில ஏத்தி எங்கயோ கொட்டப் போறாங்க, ஆர்ச்சி. அதுக்கு முன்னாடி எடுத்துடணும்."

ஆர்ச்சி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலப்பா. வருஷா வருஷம் மார்ச் மாசம் அந்த வளைவுக்கு லாரி லாரியா புதுச் சரளை கொட்டினவன் நான்."

"எதுக்குக் கொட்டுனே?"

"பழசு எங்க இருக்கும்? சக்கரம் வாரி வெளிய அடிச்சுடுதில்ல? நீதான் அங்கயே நின்னியே. வீட்டுக்குப் போயி கோட்டை உதறினா என்ன விழுந்துச்சு?"

நாரிஸுக்கு நினைவு வந்தது. பின்வாசல் படி. மறுநாள் காலையில் அதைப் பெருக்கிச் சாக்கடையில் தள்ளியது.

"அப்ப பெரில் எங்க?"

"முதல் மாசத்துலயே ஜனங்க தலையில ஏறி ஊருக்குள்ள போயிருப்பா. பாதிப் பேரு சிப்ஸோட தின்னிருப்பாங்க. அவளுக்கு அது பிடிச்சிருக்கும், நாரிஸ். நீ வேணா பாரு."

"அடியில கொஞ்சம்கூடத் தங்கியிருக்காதா?"

ஆர்ச்சி மேஜையில் இருந்த ஈர வட்டத்தை விரலால் அழித்தார்.

"தண்ணி விட்டு உருளை ஓட்டுவோம்ல. அடியில அமுங்குனது இருக்கலாம். கொஞ்சம். ஆமா, இருக்கும்."

ஆர்ச்சி இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார் என்று நாரிஸுக்குத் தெரிந்தது. இருந்தாலும் அந்தக் கொஞ்சத்தை அவர் விடவில்லை.

உள்ளே போக வழி தேடியே மூன்று வாரம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை இரண்டு கான்வாஸ் பைகளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் பஸ் ஏறினார். பலகைகளுக்கு நடுவே லாரி போக ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறவர், ஆரஞ்சுச் சட்டை போட்ட பெரிய உடம்புக்காரர், வாசலில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள விட முடியாது பெரியவரே. விட்டா என் வேலை போயிடும்."

"நான் உள்ள வரலை. கொஞ்சம் மண்ணு கிடைச்சா போதும்."

"வர்றவங்க எல்லாரும் மண்ணுதான் கேக்கறாங்க. போன வாரம் ஒருத்தர் பிஸ்கட் டின் கொண்டாந்தாரு. நான் ஃபுட்பால் ஆளு, எனக்கு விளங்கலை. இதுல அப்படி என்ன இருக்கு?"

"என் வீட்டுக்காரி ரெண்டாவது வளைவுலதான்..." என்று ஆரம்பித்த நாரிஸ் அந்த ஆள் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். "அங்கதான் நிப்பா எப்பவும்."

"இறந்துட்டாங்களா?"

"ஆமா. ரொம்ப வருஷமாச்சு."

அந்த ஆள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்படின்னா சரி. நீங்க இங்கயே நில்லுங்க. எந்த இடம்னு காட்டுங்க, நான் அள்ளிட்டு வர்றேன்."

நாரிஸ் இடைவெளியில் தலையை நீட்டிப் பார்த்தார். கூரையும் பெஞ்சுகளும் இல்லை. டீக்கடை இல்லை, கடிகாரம் இல்லை. விளக்குக் கம்பங்கள் தரையில் கிடந்தன. வேலியையும் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். தோண்டிய மண் அங்கங்கே மேடாக இருந்தது. எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தது. வளைவு என்று எதுவுமில்லை.

"அந்தக் குழி தெரியுதில்ல, அதுக்கு இந்தப் பக்கம்," என்றார். "இல்லை. அந்தக் கம்பம் கிடக்கே, அதுக்குப் பின்னால."

"எந்தக் கம்பம்?"

நாரிஸின் கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு இறங்கியது.

"தெரியலைங்க," என்றார்.

"விடுங்க, கவலைப்படாதீங்க. ரேஸு ஓடுன தடம் எதுன்னு நான் பாத்து எடுக்கறேன்."

மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக அந்த ஆள் மேடுகளுக்கு நடுவே போனார். வெகு தூரம் போனார். எங்கேயோ குனிவது தெரிந்தது. திரும்பி வந்தபோது முகம் வியர்த்திருந்தது. தள்ளுவண்டி நிறைய மணல். மஞ்சள் மணல்.

செவ்வாய்க்கிழமைகளில் அதே மைதானத்தில் நாய்ப்பந்தயம் நடக்கும். நாய்களின் கால் நோகக்கூடாதென்று வெளிவட்டத்தில் மணல் போட்டிருப்பார்கள். பெரில் செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"நல்ல இடமாப் பாத்து எடுத்திருக்கேன். அந்தச் செங்கல்பொடி மாதிரி ஒரே குப்பை மேல கிடந்துச்சு, அதைத் தள்ளிட்டு வந்தேன்," என்றார் அவர். "ஒரு கல்லுகூட இல்லை பாருங்க. இதுதானே?"

நாரிஸ் கையை விட்டுப் பார்த்தார். ஈரமாக, மெத்தென்று இருந்தது. விரல்களில் சிவப்பு ஒட்டவில்லை. உள்ளே எங்கோ விசில் ஊதினார்கள். அந்த ஆளின் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. ரொட்டி பாதியில் கிடந்தது.

"இதுதான்," என்றார் நாரிஸ். "இதேதான்."

"பையைப் பிடிங்க."

பிடித்தார். பை நிறைந்து கைப்பிடி விரலை அறுத்தது. அந்த ஆள் இன்னொரு பையைப் பார்த்தார்.

"அதுலயும் போடவா?"

"உங்களுக்குச் சிரமமில்லைன்னா."

"என்னங்க சிரமம்."

நாரிஸ் இரண்டாவது பையின் வாயையும் விரித்துப் பிடித்தார்.