மூன்று முறை 'நே'

பல் மருத்துவமனையின் வரவேற்பறையில், தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு நடுவே லொசானும் உட்கார்ந்திருக்கிறான். அவன் பல்லில் ஒரு கோளாறும் கிடையாது. மடியில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்சா. எண்ணெய் கசிந்து கால்சட்டையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மேசைக்குப் பின்னால் தொலைபேசியில் பேசுகிறவள் அவன் மனைவி கலினா. அவளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவதாகப் பெயர். அவள் யாரோடு, எந்தக் குரலில் பேசுகிறாள் என்று கேட்கத்தான் தினமும் வருகிறான்.

"இன்னிக்கு யார் யார் வந்தாங்க?" என்பான்.

"பல்லு வலிக்கிறவங்க" என்பாள் அவள்.

லொசான் பல்கேரியாவின் வடக்கே, டான்யூப் ஆற்றின் கரையில் இருக்கும் விதினில் பிறந்தவன். கல்யாணம் செய்துகொண்டு தெற்கே, கிரேக்க எல்லையோரம் இருக்கும் பெட்ரிச்சுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டயர் கடை. காற்று இறங்கும் சத்தத்தை வைத்தே டயரில் ஆணி எங்கே ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். அதே காதைத்தான் மனைவியின் பேச்சின் மேலும் வைத்திருந்தான். பல் மருத்துவர் மேல் பொறாமை, ரொட்டிக்கடைக்காரன் மேல் பொறாமை. கலினா தெருப்பூனையைக் கொஞ்சம் கூடுதலாகத் தடவிக்கொடுத்தால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

இவற்றையெல்லாம் விட அவன் அதிகம் பொறாமைப்பட்டது ஒரு மொழியின் மேல். எல்லை தாண்டிப் பல் கட்டிக்கொள்ள வரும் கிரேக்கர்களோடு கலினா அவர்கள் மொழியிலேயே பேசுவாள். இளம் வயதில் அங்கே பீச் தோட்டங்களில் பழம் பறிக்கப் போனபோது கற்றுக்கொண்டது. அந்த மொழியில் அவளுக்கு வேறொரு சிரிப்பு இருந்தது. தொண்டையிலிருந்து கிளம்பி, பாதியில் மூச்சு வாங்கி, மறுபடி தொடரும் சிரிப்பு. வீட்டில் அவன் அதைக் கேட்டதேயில்லை.

அவனுக்கிருந்த ஒரே ஆறுதல் 'நே'. கிரேக்கர்கள் என்ன கேட்டாலும் கலினா "நே, நே" என்றுதான் சொன்னாள். பல்கேரிய மொழியில் 'நே' என்றால் இல்லை, முடியாது. பக்கத்துக் காப்பிக்கடை வாங்கெலிடம் ஒருநாள் இதைப் பெருமையாகச் சொன்னான்: "எவன் எவ்வளவு கெஞ்சினாலும் முடியாதுன்னுட்டா என் பொண்டாட்டி."

வாங்கெல் கிரேக்கத்தின் தெசலோனிகி நகரில் பல வருஷம் வேலை பார்த்தவர். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தார்.

"மாப்ளே, கிரேக்கத்துல நே-ன்னா ஆமா, சரின்னு அர்த்தம்."

லொசான் நம்பவில்லை. நம்மிடமிருந்து வாங்கித் தலைகீழாக மாற்றிக்கொண்டார்களா என்று கேட்டான்.

"யாரும் யார்கிட்டயும் வாங்கல. அதோட வேர் வேற, இதோட வேர் வேற. சத்தம் மட்டும் ஒண்ணா அமைஞ்சிருச்சு. நம்மூரு துருக்கிக்காரங்ககிட்ட சொல்லிப் பாரு, 'என்ன'ன்னு கேக்கறதா நினைப்பாங்க."

விதினில் ஆற்றுக்கு அக்கரையில் ருமேனியர்கள் 'நே' என்று சொன்னால் 'நம்மை' என்று அர்த்தம். சிறுவயதிலேயே அவனுக்கு அது தெரியும். ஒரு சொல் ஆற்றைத் தாண்டினால் மாறிவிடும் என்று தெரிந்திருந்தவனுக்கு, கிரேக்க எல்லை மலையைத் தாண்டினாலும் மாறும் என்று ஏனோ தோன்றவில்லை. இப்போது தான் கேட்டுக் கேட்டு மகிழ்ந்த ஒவ்வொரு 'முடியாது'ம் 'சரி'யாக மாறித் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. எதற்குச் சரி? யாருக்குச் சரி?

அவளிடம் கேட்கவில்லை. வண்டிகளுக்கு அடியில் படுத்தபடி, காதில் பாடம் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு ரகசியமாகக் கிரேக்கம் படிக்க ஆரம்பித்தான். முதலில் படித்தது 'ஓஹி'. அதற்கு முடியாது என்று பொருள். அதை நன்றாகப் பழகி வைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலினா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவளுடைய கைபேசி அடித்தது. திரையில் ஸ்தெர்யோஸ் என்ற பெயர். சில வாரங்களாக அடிக்கடி கூப்பிடுகிறவன். யாரென்று கேட்டால், "பல்லு கட்டிக்கிட்டுப் போனவர்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். லொசான் எடுத்தான். மறுமுனையில் கனத்த ஆண்குரல் நிதானமாக என்னவோ கேட்டது. கலினா என்ற பெயரும் 'கணவர்' என்ற சொல்லும் மட்டும் அவனுக்குப் பிடிபட்டன. அது போதுமாயிருந்தது. ரத்தம் தலைக்கேறியது. பழகி வைத்திருந்த ஓஹி எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. தாய்மொழிதான் வாயில் வந்தது.

"நே! நே! நே!"

"பிராவோ!" என்றது அந்தக் குரல் சந்தோஷமாக. நன்றி சொல்லி வைத்துவிட்டது.

திரும்பினால் வாசலில் ஈரத்துண்டுகளோடு கலினா.

"ஸ்தெர்யோஸா? சரின்னா சொன்னே? அவர் பாஷையிலயே?"

கிரேக்கக் கடற்கரையில் ஸ்தெர்யோஸுக்கு ஒரு விடுதி இருந்தது. கோடை முடியும்வரை அங்கே வரவேற்பு வேலை பார்க்கக் கலினாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சம்மதம், ஆனால் என் கணவரிடம் நீங்களே கேளுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள்.

"நீயே ஏன் என்கிட்ட கேக்கல?"

"நான் கேட்டா நே-ன்னுதான் சொல்லுவே. நம்ம நே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தொண்டையிலிருந்து கிளம்பி, பாதியில் மூச்சு வாங்கி, மறுபடி தொடர்ந்தது அந்தச் சிரிப்பு. முதல்முறையாக அவனைப் பார்த்து, அவன் வீட்டுக்குள். கிரேக்கம் எப்போது படித்தாய், எனக்காகவா என்று கேட்டாள். கோபத்தில் வாய்தவறி வந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கைபேசி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ஒரு ஓஹி போதும், எல்லாம் நின்றுவிடும்.

"உனக்காகத்தான்" என்றான்.

அடுத்த வாரம் ஸ்தெர்யோஸ் தன் காரிலேயே டயர் கடை வாசலுக்கு வந்தார். குரலுக்கு ஏற்ற உயரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வரிசை குலையாத புதுப்பற்கள். காரில் அவருடைய அக்காவும் இருந்தாள். அது லொசானுக்கு ஆறுதலாக இல்லை. கலினா பெட்டியை ஏற்றிவிட்டு, முன் இருக்கையில் ஸ்தெர்யோஸ் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். அவர் ஏதோ சொன்னார். அவள் "நே, நே" என்றாள்.

லொசான் கடைக்குள் போய்ப் பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தான். ஸ்தெர்யோஸின் சிரிப்பு நின்றது. லொசான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பக்கத்துச் சக்கரத்தருகே மண்டியிட்டான். நட்டுகளை ஒவ்வொன்றாக இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.