இடது கைக்கான இடைவெளி

என் அக்காவுக்கு ஜாஸ் என்றாலே ஆகாது. பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுப்பவள். மேற்கத்திய மேதைகள் எழுதிவைத்ததை ஒரு சுரம் கூடாமல் குறையாமல் வாசிப்பவள். நானும் என் நண்பன் நெட்டையும் அதே பாடல்களை எடுத்து, தாளத்தை மாற்றி, நடுவில் மனம் போனபடி வாசித்துவிட்டுக் கடைசியில் மெட்டுக்குத் திரும்புவோம். நான் டிரம்ஸ், நெட்டை, கீழ்ச்சுரங்களை மீட்டும் ஆளுயர பேஸ். பியானோவுக்கு வந்தவர்கள் யாரும் எங்களோடு குப்பை கொட்ட முடியாமல் ஓடிவிட்டார்கள்.

"செத்தவங்க சொத்துன்னா ஆளாளுக்குப் பங்கு போட்டுக்குவீங்களோ?" என்பாள் அக்கா. வாய் அவளுக்கு.

பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறியது, பேச்சும் தேறியது. இடது கை மட்டும் மடியிலேயே கிடந்தது. அத்தான் தினமும் அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குவார். அவளோ வேறு யாருடைய கையையோ அவர் பிடித்திருப்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பியானோவின் மூடி திறக்கவே இல்லை. அதன்மேல் மடித்த துணிகள் ஏறின; ஒருநாள் இஸ்திரிப் பெட்டியும் ஏறியது. இப்படியே விட்டால் இவள் இனி அதைத் தொடவே மாட்டாள் என்று பயந்தேன். வாசிக்காத அக்காவை எனக்கு அக்காவாகப் பார்க்கவே தெரியவில்லை.

நெட்டை வேலை பார்க்கும் மரக்கடைக்குப் போய்ப் புலம்பினேன். பலகை அறுத்துக்கொண்டே அவன் சொன்னான்: "இடது கை எதுக்குடா? அது வாசிக்கிற கீழ்ச்சுரமெல்லாம் நான்தானே வாசிக்கிறேன். வர்றவங்ககிட்ட எல்லாம் அந்தக் கையைக் கொஞ்சம் சும்மா வைங்கன்னு கெஞ்சுறதே எனக்குப் பொழப்பு."

உண்மைதான். கீழே இரண்டு பேர் புகுந்தால் எங்கள் பாட்டு சேறாகிவிடும்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "எனக்குப் பிச்சை போட வந்தியா?" என்று எரிந்து விழுந்தாள்.

"கேக்க வந்திருக்கேன். பியானோவுக்கு ஆள் இல்ல. நீதான் போடணும்."

அத்தான் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார்.

ஞாயிறு மத்தியானம் சோபாவை நகர்த்திவிட்டு உட்கார்ந்தோம். தன் மாணவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் மெதுவான மெட்டு ஒன்றை அக்கா எடுத்தாள். வலது கையால் இரண்டு சுரம் வாசித்தாள்; நின்றாள். மறுபடி வாசித்தாள், நின்றாள். மறந்துவிட்டாளோ என்று முகத்தைப் பார்த்தேன். மறக்கவில்லை. இடது கை வாசிக்கவேண்டிய நேரத்தை அதற்கென்றே விட்டுக்கொண்டிருந்தாள். வராத கைக்கும் இடம் போட்டு வைக்கிறாள்.

"நிக்காதேக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். நெட்டை கண்ணாலேயே என்னை அடக்கினான். அடுத்து அவள் நின்ற இடத்தில் ஒரே ஒரு கீழ்ச்சுரத்தை மெதுவாக வைத்தான். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த இடைவெளியில் இன்னொன்று வைத்தான். நான் கம்பி பிரஷ்ஷால் டிரம்மை லேசாக வருடினேன். தடுக்கித் தடுக்கி வந்த மெட்டு மெல்ல நடக்க ஆரம்பித்தது.

மெட்டு முடிந்தது. இதற்கு மேல்தான் நாங்கள் மனம் போனபடி வாசிப்போம். அவள் கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. எந்த இசைத்தாளிலும் இல்லாத ஒரு சுரத்தைத் தொட்டாள். கொஞ்சம் யோசித்தாள். அதற்கு மேலே இன்னொன்றைத் தொட்டாள். பிறகு அவசரமே இல்லாமல், போகிற வழியைத் தானே பார்த்துக்கொண்டு போனாள். அத்தான் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றுவிட்டார். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். என் பிரஷ் எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

"ஏன்டா நிறுத்தின?" என்றாள் அக்கா. "நான் வாசிச்சுக்கிட்டு இருக்கேன்ல?"