தாலி ஊக்கில் ஒரு மாத்திரை அட்டை

உத்திரமேரூரில் நான் மருந்தாளுநராக இருக்கும் கடைக்கு, மாகறலில் நடவு வேலை செய்யும் ஒரு அம்மா மூட்டுவலிக்கு டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தார். தாலியில் கோத்த ஊக்கில் பழைய மாத்திரை அட்டை ஒன்றைக் குத்தியிருந்தார். நான் வலி மாத்திரையை நீட்டியதும் அந்த அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நெஞ்சு ஆபரேசன்லேருந்து இத்த முழுங்கிக்கினு கீறேன். ரெண்டும் உள்ள போயி சண்டை போடாதா பாப்பா?”

“மாத்திரைக்கு இன்னா பஞ்சாயத்து? வாங்கிக்கினு நகரும்மா!” என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

அட்டையிலிருந்தது ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வலி மாத்திரையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

“சேரவே கூடாதும்மா. டாக்டர்கிட்ட பேசி வேற வாங்கித் தரேன்.”

“பாத்தியா? கேட்டதாலதான் பொயச்சேன்!” என்று வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கேலி செய்தவர் சட்டைப்பையிலிருந்த தன் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தார்.