செய்தி முடியும்வரை

வளர்ப்பு வீடுகளில் விடப்பட்ட பிள்ளைகளைப் போய்ப் பார்த்துவருவதுதான் அப்போது என் உத்தியோகம். பிள்ளைக்குப் பாரதூரமாக ஏதாவது நடந்தால் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் கொழும்புக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியபிறகு யாழ்ப்பாணத்தில் ரெலிபோன் செத்துவிட்டது. தபால் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தது. விதி மட்டும் ஒரு கீறல்கூட விழாமல் எங்கள் மேலதிகாரியின் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயம் பயிரிடும் ஒரு கமக்காரர் வீட்டில் எட்டு வயதுப் பெண்பிள்ளையை விட்டிருந்தோம். அவளுடைய தாயும் தகப்பனும் ஷெல்லடியில் போய்விட்டார்கள். கமக்காரருக்கும் மனைவிக்கும் பிள்ளையில்லை. நல்ல மனிதர்கள், இதை நான் நக்கலாகச் சொல்லவில்லை.

மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, மிதியைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுவது நின்றால் ரேடியோவும் நின்றுவிடும். பின்னேரமானால் ஒழுங்கையில் உள்ள ஆண்கள் எல்லாரும் கமக்காரரின் முற்றத்தில்தான். ஆனால் சுற்ற ஒருவருக்கும் கை வராது. செய்திக்கு விளக்கம் சொல்ல அந்தக் கைகள் தேவைப்பட்டன. அவர்களுடைய பிள்ளைகளோ படிக்கிற பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை எழுப்ப யமனே யோசிப்பான். ஆகவே வளர வந்த பிள்ளை சுற்றினாள். அவளும் பள்ளிக்கூடம் போகிறவள்தான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒருநாள் செயினுக்குள் அகப்பட்டு அவளுடைய விரல் நுனி போய்விட்டது. மறுநாள் காலை ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே போனேன். விசாரணை என்றதும் முற்றம் நிறைந்துவிட்டது.

"எப்பிடி நடந்தது? ஆராவது கண்டனீங்களோ?"

"நாங்கள் செய்தியெல்லோ கேட்டுக்கொண்டிருந்தனாங்கள், தங்கச்சி."

அந்தச் செய்தியை ஆளையாள் திருத்தித் திருத்தி எனக்கு ஒப்புவித்தார்கள். எந்த நாட்டு மந்திரி எந்த நாட்டு மந்திரியோடு கைகுலுக்கினார் என்பதுவரை தெரிந்திருந்தது. பிள்ளைக்கு எப்போது காயம் பட்டது என்பது மட்டும் தெரியவில்லை.

"இடையிலை ஒருக்கா ரேடியோ நிண்டது. பிறகு வந்திட்டுது" என்றார் ஒருவர்.

பிள்ளை அடுப்படி வாசலில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"ரேடியோ ஏன் நிண்டது, பிள்ளை?"

"கை செயினுக்கை போயிட்டுது."

"பிறகு?"

"சுத்து சுத்தெண்டு சத்தம் போட்டவை. மற்றக் கையாலை சுத்தினனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்தி முடிந்து எழும்பும்போதுதான் நிலத்தில் இரத்தத்தைக் கண்டிருக்கிறார்கள். அதே சைக்கிளை நிமிர்த்தி, அவளைப் பாரில் இருத்தி, கமக்காரர் ஆஸ்பத்திரிக்கு மிதித்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அந்த மனிதர் விம்மி அழுதார்.

அலுவலகத்தில் மேலதிகாரிக்கு அழுகை வரவில்லை. "விரல் நுனிதானே? சிறு காயமெண்டு எழுதும். பாரதூரமெண்டால் பிள்ளையை எடுக்கவேணும். எடுத்து எங்கை வைக்கிறது?"

அதில் நியாயம் இருந்தது. எங்கள் சிறுவர் இல்லத்தில் ஒரு பாயில் இரண்டு பேர் படுத்தார்கள்.

"மற்றக் கையாலை சுத்தினதை எழுதினபிறகு அது எப்பிடிச் சிறு காயமாகும், சேர்?"

"அதை ஏன் எழுதுறீர்?"

எழுதினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மாமரத்தைப் பார்த்தபடி கையெழுத்து வைத்தார். "அங்கை நிக்க விருப்பமெண்டால் நிக்கட்டும். பிள்ளையைக் கேட்டுக்கொண்டு வாரும்" என்றார். நானும் அவள் அங்கேயே நிற்பதைத்தான் உள்ளுக்குள் விரும்பினேன்.

நான் போனபோது கமக்காரரின் மனைவி பிள்ளைக்கு முட்டை அவித்து ஊட்டிக்கொண்டிருந்தார். ரேடியோவைச் சீலையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டதைக் கமக்காரர் காட்டினார். நான் பிள்ளையிடம் ஒளிக்காமல் சொன்னேன். இல்லத்தில் முட்டை இல்லை, தனிப் பாய் இல்லை, இப்படி மடியில் வைத்து ஊட்ட ஆளும் இல்லை.

"இஞ்சை நிக்கிறியோ, அங்கை வாறியோ?"

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அங்கை செய்தி கேக்கிறவையோ?"

"இல்லை."

"அப்ப வாறன்" என்று எழும்பிச் செருப்பைத் தேடினாள்.